எழுதும்போதே விழுந்தவை

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

கடிதத்தைப் பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதே. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்கு அப்படித்தான் தோன்றும். "இனிமே எனக்கு ஃபோன் பண்ணாதே, மெசேஜும் அனுப்பாதே" என்றுதான் சொன்னாய். கடிதம் போடாதே என்று சொல்லவில்லை. சட்டத்தில் ஓட்டை தேடுகிறாள் பார் என்று திட்டுவாய். திட்டு. பதினைந்து மாதமாக உன் திட்டு கேட்காமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

இன்று காலை மெயிலிங் லிஸ்டுக்கு ஒரு பேட்ச் அனுப்பியிருக்கிறேன், நிரலில் ஒரு சின்னத் திருத்தம். கெர்னலின் லாக் பகுதிக்கு. அந்தப் பகுதிக்குப் பொறுப்பு நீதான். உலகத்தில் எந்த மூலையில் இருந்து யார் அனுப்பினாலும் நீ படித்து, குறை சொல்லி, பதில் எழுதியாக வேண்டும். ஆமாம், அது தெரிந்துதான் அனுப்பினேன். ஆனால் வீம்புக்கு எழுதிய பேட்ச் இல்லை. எங்கள் கம்பெனி செய்கிற கிடங்கு வண்டிகள், ஆளில்லாமல் தானே ஓடிச் சாமான் எடுத்து வருகிறவை, நான்கு வண்டிகள் ஒரே வாரத்தில் சுவரில் போய் முட்டின. லாகை எடுத்துப் பார்த்தால் எல்லாம் சுகம் என்கிறது. முட்டுவதற்கு முன்னால் வந்த வரிகள்தான் காணோம். காணோம் என்பதும் லாகில் இல்லை.

லிப்ட் மெக்கானிக்கான அத்தானுக்குப் புரியாத முகப்புக் குறிப்பை நீ திருப்பி அனுப்பிவிடுவாய் என்பது லிஸ்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவரை மனதில் வைத்தே எழுதினேன். கம்ப்யூட்டர் ஓடும்போது அதன் அடிமட்டத்தில் இருக்கிற கெர்னல், நடப்பதை எல்லாம் லாகில் வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். அதற்கு இருக்கிற இடம் அளவானது. நிறைந்துவிட்டால் சுற்றி வந்து பழைய வரிகளின் மேலேயே புதிய வரிகளை எழுதும். படிக்கிற நிரல் மெதுவாக வந்தால், அது வருவதற்குள் சில வரிகள் அழிந்திருக்கும். அழிந்த இடம் தெரியாமல் முன் வரியும் பின் வரியும் ஒட்டிக்கொண்டு நிற்கும். என் பேட்ச், ஒவ்வொரு வரிக்கும் இருக்கிற வரிசை எண்ணைப் பார்த்து, நடுவில் எத்தனை வரி காணோம் என்று அந்த இடத்திலேயே சொல்லும். அவ்வளவுதான்.

அம்மா போன அன்றைக்கு நான் இல்லை. இரண்டு நாள் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு, பெட்டியோடு வாசலில் வந்து நின்றேன். நீ எல்லோர் முன்னாலும் கேட்டாய்: "கேட்டதுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியலை, இப்ப எதுக்கு வந்தே?" ஆடு திருடின கள்ளன் மாதிரி முழித்தேன். நீ என்ன கேட்டாய் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. அன்றைக்கே கேட்டிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தபின் எனக்கு வாய் வரவில்லை.

என்ன கேட்டாய், அக்கா?

இருமல் விடவில்லை. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

சின்னவள்

&nbsp;

பிப்ரவரி 15

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. அத்தான் பிரித்துக் கையில் கொடுத்தார். "படிச்சுட்டு வேணும்னா கிழி. படிக்காமக் கிழிக்காதே" என்றார். படித்தேன். கிழிக்கவில்லை.

பேட்சுக்குப் பதில் லிஸ்டிலேயே போட்டுவிட்டேன். யார் அனுப்பினாலும் போடுகிற பதில்தான். தங்கை என்று சலுகை காட்டவும் இல்லை, பழி வாங்கவும் இல்லை. இருந்தாலும் லிஸ்டில் சொல்ல முடியாத பாஷையில் இங்கே சொல்கிறேன்: என்ன வேலை பண்ணியிருக்கிறாய்? இத்தனை வரி காணோம் என்கிற அறிவிப்பை நீ லாகுக்குள்ளேயே இன்னொரு வரியாக எழுதுகிறாய். இடமில்லாமல் பிதுங்குகிற அறைக்குள், இங்கே இடமில்லை என்று எழுதிய பலகையைக் கொண்டுபோய்ச் சாத்துவது மாதிரி. அந்தப் பலகைக்காக இன்னொரு வரி வெளியே போகும். அறிவிப்பைப் படிக்கிற பக்கத்தில் சேர்க்க வேண்டும், எழுதுகிற பக்கத்தில் இல்லை.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. காணாமல் போனவற்றின் எண்ணிக்கையை முதலில் பூஜ்யமாக்கிவிட்டு, அப்புறம் அறிவிப்பை வெளியே அனுப்புகிறாய். அனுப்புவது பாதியில் தடைபட்டால் என்ன ஆகும்? எத்தனை போயிற்று என்பதும் சேர்ந்து போகும். போய்ச் சேர்ந்தது என்று உறுதியான பிறகுதான் பூஜ்யமாக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் செய்கிற தப்பு இது. பத்து வருடம் வேலை பார்த்தவள் செய்யலாமா?

இனி மற்றது. என்ன கேட்டேன் என்று தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. அந்தச் செவ்வாயும் புதனும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து உனக்கு ஐந்து மெசேஜ் எழுதினேன். ஒன்றுக்காவது பதில் வந்ததா? கடைசி இரண்டும் ஒரே கேள்வி. ஒரு வார்த்தை போதும் என்று கெஞ்சி எழுதினேன். நான் யாரிடமும் கெஞ்சினவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நீ பதில் சொல்லவில்லை. நானே முடிவெடுத்தேன். அதன் பலனை நானே சுமந்துகொண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை மறுபடி ஒரு தடவை என் கையால் எழுத முடியாது, அதனால் கேட்காதே.

இருமலுக்கு டாக்டரிடம் காட்டினாயா இல்லையா?

அக்கா

&nbsp;

பிப்ரவரி 26

அக்கா,

லிஸ்டில் நீ போட்ட பதிலை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். "அனுப்பியவருக்கு நன்றி" என்று தொடங்கியிருந்தாய். யாரோ மூன்றாம் மனுஷிக்குச் சொல்வது போல. ஆனால் அதற்குக் கீழே பதினோரு இடத்தில் என் வரிகளைப் பிடித்து நிறுத்தி உலுக்கியிருக்கிறாய். ஒரே கீபோர்டுக்கு அடித்துக்கொண்ட காலத்தில் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இது ஓடாதுடி" என்பாயே, அதே குரல் எனக்குக் கேட்டது. ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரி, "உன் பேட்சை இப்படி வெட்டிக் கிழிச்சிருக்காங்க, நீ என்னடான்னா பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்கே?" என்றாள். லிஸ்டில் உனக்குக் கத்தரி என்று பெயர், தெரியுமா? தெரிந்திருக்கும்.

இரண்டு குறையும் சரிதான். திருத்திய இரண்டாவது வடிவம் நேற்று அனுப்பிவிட்டேன். அறிவிப்பைப் படிக்கிற பக்கத்துக்கு மாற்றினேன். எண்ணிக்கையை, போய்ச் சேர்ந்த பிறகே பூஜ்யமாக்குகிறேன். அதற்கே நான்கு நாள் பிடித்தது. வண்டி ஒன்றை மேசைக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டு, அதன் சென்சரை வேண்டுமென்றே கெடுத்து, லாகில் மழை மாதிரி வரிகளைக் கொட்டவிட்டு, இழந்ததை எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

இப்போது மற்றதைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படாமல் படி.

எனக்கு ஐந்து மெசேஜ் வரவில்லை. இரண்டுதான் வந்தன. திங்கள் சாயங்காலம்: "அம்மாவுக்கு வயித்து வலி. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். பயப்படாதே, நாளைக்குச் சொல்றேன்." புதன் மத்தியானம்: "முடிஞ்சு போச்சு. வா." இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. படம் எடுத்து, அச்சடித்து, இதோடு வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை முழுக்க ஒன்றும் வராததால் ஒன்றும் இல்லை என்றே நினைத்தேன். வயிற்று வலிதானே, ஊசி போட்டிருப்பார்கள், தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன்.

உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். நீ நம்பாவிட்டால் வேறு யார் மேல் சத்தியம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கென்று மிச்சமிருப்பது நீ மட்டும்தான்.

டாக்டரிடம் காட்டினேன். தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம். ஜன்னலுக்குக் கீழே சலவைக்கடையின் பின்புறம், நாள் முழுக்க நீராவியும் பஞ்சுத் தூசியும். அதைக் கேட்டுவிட்டு டாக்டரே, "வேற வீடு பாருங்க" என்றார். நீ இருக்கிற தெருவில் ஏதாவது காலியாக இருக்கிறதா என்று கேட்க ஆசையாக இருக்கிறது. கேட்கவில்லை.

சின்னவள்

&nbsp;

மார்ச் 8

சின்னவளுக்கு,

படம் வந்தது. பார்த்தேன். மெசேஜை அழிக்க ஒரு விரல் போதும், அழித்த பின் படம் எடுக்க இன்னொரு விரல் போதும். இது நம் இரண்டு பேருக்குமே தெரியும். நீ அழித்தாய் என்று சொல்லவில்லை. அழிக்கவில்லை என்பதற்கு அது சாட்சி இல்லை என்கிறேன். ஐந்து எழுதினேன். என் விரலால் எழுதினேன், அனுப்பு என்று தட்டினேன். அத்தனை பேர் அழுதுகொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்த அந்த ஹாலில், என் மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு உன் பதிலுக்காகக் காத்திருந்தது எனக்குத் தெரியும். நான் செய்ததை நான் அறிவேன்.

அத்தான் உன் பக்கம் பேசினார். "எங்கேயாவது நடுவுல தொலைஞ்சிருக்கலாமே" என்றார். ஒன்று தொலையலாம். வரிசையாக ஐந்தும் தொலையுமா? லிப்டைப் பாருங்கள், கெர்னல் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். பாவம், அன்றைக்கு அவர் வெளியூரில் ஒரு கட்டடத்தில் மாட்டிக்கொண்டார். அவர் பக்கத்தில் இருந்திருந்தால் உன்னைக் கேட்டே இருக்க மாட்டேன்.

பேட்ச். முதல் வடிவத்தைவிட நன்றாக வந்திருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், சில இடங்களில் நானே இப்படி எழுதியிருக்க மாட்டேன். ஆனால் சேர்த்துக்கொள்ள முடியாது. பாதிதான் முடித்திருக்கிறாய்.

நீ படிக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து மட்டுமே எண்ணுகிறாய். எழுதப்பட்டு, எண் வாங்கி, படிப்பதற்குள் அழிந்தவை உன் கணக்கில் வருகின்றன. எழுதவே முடியாமல் போனவை? ஒருவர், அதாவது ஏதோ ஒரு நிரல், லாகில் இடம் பிடித்துப் பாதி எழுதிவிட்டு நிற்கிறார் என்று வை. மற்றவர்கள் எழுதி எழுதிச் சுற்றி வந்து அவர் முதுகில் முட்டுகிறார்கள். பாதி எழுதிய வரியின் மேல் ஏறக் கூடாது. ஆகவே அடுத்து வருகிற செய்திக்கு இடமே கிடைக்காது. வரிசை எண்ணும் கிடைக்காது. எண்ணே வாங்காத செய்தியை, எண்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பாய்? முன் வரி 411, பின் வரி 412, எல்லாம் சுகம் என்று உன் பேட்ச் சொல்லும். நடுவில் ஐம்பது பேர் கத்தியிருப்பார்கள். ஒன்றுமே தொலையவில்லை என்று நீ அடித்துச் சொல்வாய், உன்னை நம்பி ஒருவன் வண்டியை மறுபடி சுவரில் கொண்டுபோய் முட்டுவான். இதற்கு உன் பேட்ச் இல்லாமலே இருக்கலாம்.

எழுதுகிற பக்கத்திலும் ஒரு எண்ணிக்கை வை. இரண்டையும் தனித்தனியாகக் காட்டு. மூன்றாவது வடிவத்தில் அது இல்லையென்றால் திருப்பி அனுப்புவேன்.

எங்கள் தெருவில் இரண்டாம் எண் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. சும்மா சொன்னேன்.

அக்கா

&nbsp;

மார்ச் 19

அக்கா,

இரண்டாம் எண் வீடு என்றால் படிக்கட்டு வளைந்து போகுமே, அந்த வீடா? சும்மா கேட்டேன்.

மூன்றாவது வடிவம் அனுப்பியாகிவிட்டது. நீ சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ள மனசு வராமல் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் நீ சொன்னபடியே ஒருவரைப் பாதி எழுதவிட்டு நிறுத்தி வைத்தேன். நூற்றுக்கணக்கில் செய்திகள் வந்து முட்டித் திரும்பின, என் பேட்ச் ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது இரண்டு எண்ணிக்கை. 'படிக்கும் முன் அழிந்தவை' ஒன்று, 'எழுதும்போதே விழுந்தவை' இன்னொன்று. முகப்புக் குறிப்பையும் புதிதாக எழுதியிருக்கிறேன். அத்தானைப் படிக்கச் சொல்லு. அவர் தலையாட்டினால்தான் எனக்கு நிம்மதி.

இனிமேல் எனக்கு எத்தனை மெசேஜ் வந்தது என்று வாதாட மாட்டேன். வாதாட எனக்கு யோக்கியதை இல்லை என்று இந்த வாரம்தான் புரிந்தது. யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் உன் மெசேஜ் வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் என்று தெரிந்துவிட்டது. செவ்வாய் ஒன்றும் வரவில்லை. சரி, எனக்கு வரவில்லை. என் கை எங்கே போயிற்று? நான் ஏன் கூப்பிடவில்லை? அந்த வாரம் நிரலில் ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருந்தேன். பிடிக்கிற நேரம் நெருங்கிவிட்டது என்று தோன்றியது. இதை முடித்துவிட்டுக் கூப்பிடலாம், மத்தியானம் கூப்பிடலாம், சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஏதாவது பெரிதாக இருந்தால் அக்கா சொல்லுவாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் நீ சொல்லுவாய், நீ பார்த்துக்கொள்ளுவாய், நீ இருக்கிறாய். சின்ன வயதிலிருந்து எனக்கு அதுவே பழகிவிட்டது. செவ்வாய் சாயங்காலம் பிழையைப் பிடித்தேன். ஆபீஸில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் நீ அந்த ஹாலில் உட்கார்ந்திருந்திருக்கிறாய்.

அம்மா என்னை நினைத்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது. வராதவள் என்று நினைத்தபடியே போய்விட்டாளோ என்று தினமும் தோன்றுகிறது. குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, யாராவது தங்கள் அம்மாவுடன் ஃபோனில் பேசுவது காதில் விழும்போது. உன்னைக் கேட்டால் உனக்குத் தெரியும். கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அக்கா. நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. நீ சாப்பாட்டு மேசையில் இரண்டு திரையை வைத்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டு வேலை பார். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

சின்னவள்

&nbsp;

மார்ச் 30

சின்னவளே,

இதை எழுத மூன்று நாளாக உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். கோர்வையாக வராது. பொறுத்துக்கொள்.

உன் மூன்றாவது வடிவத்தின் முகப்புக் குறிப்பை அச்சடித்து, காலைச் சாப்பாட்டின்போது அத்தானிடம் கொடுத்தேன். வழக்கம் போல விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். 'எழுதும்போதே விழுந்தவை' என்ற இடத்தில் விரல் நின்றது. "ஒண்ணு கேக்கவா? இப்படி விழுந்துடுச்சுன்னா, எழுதினவனுக்காவது தெரியுமா?" என்றார். "தெரியாது. அவன் எழுதிட்டதாத்தான் நெனச்சுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவான்" என்றேன். "அப்ப படிக்கிறவன் மேல கோவப்பட்டு என்ன பிரயோஜனம்?" என்றார். அவர் லாகைப் பற்றித்தான் கேட்டார். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் கையில் வைத்திருந்த அந்தப் பழைய ஃபோனை அம்மாவின் காரியங்கள் முடிந்த வாரமே அணைத்து, அவள் அலமாரியில் துணிகளுக்கு அடியில் போட்டிருந்தேன். புது ஃபோன், புது எண். பழையதைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தான் அப்படிக் கேட்ட அன்றைக்கு எடுத்துச் சார்ஜ் போட்டேன். அது உயிர் பெறுவதற்குள் வீட்டை மூன்று முறை பெருக்கினேன்.

ஐந்தும் இருக்கின்றன. ஐந்துக்கும் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. 'அனுப்பப்படவில்லை.'

காத்திருக்கிற ஹால் தரைக்குக் கீழே இருந்தது. ஃபோனில் பேசக் கூடாது என்று பலகை வேறு. எழுதி, தட்டி, பையில் போடுவேன். உடனே என்னைக் கூப்பிடுவார்கள், ஓடுவேன். திரும்பி வந்து பதில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். நான் எழுதியதைப் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமை எழுதியது வெளியே கேட்டில் நின்று. புதன் மத்தியானம் எழுதியதும் அப்படித்தான், அப்போது எனக்குத் திரையே தெரியவில்லை. இரண்டும் போயிருக்கின்றன. இவ்வளவுதான் விஷயம். இதற்காகப் பதினைந்து மாதம்.

நீ ஏன் கூப்பிடவில்லை என்று உன்னை அடித்துக்கொள்கிறாய். நான் ஏன் மேலே வந்து உன்னைக் கூப்பிடவில்லை? படி ஏறினால் வாசல். உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன், அப்புறம் அம்மாவை யார் பார்ப்பது என்று பயம். அதனால் எழுதினேன். பெரியவள் என்கிற திமிர் என்று நீ சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

லிஸ்டில் உன் பேட்சை ஏற்றுக்கொண்டு, சரிபார்த்தவள் என்று உன் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட்டுவிட்டேன். பத்து வருடத்தில் நான் படித்த நல்ல பேட்சுகளில் ஒன்று.

மாட்டேன் என்று சொன்னேன். ஆனால் உனக்கு வர வேண்டியது உன்னிடம் வந்துதான் ஆக வேண்டும். அன்றைக்கு எழுதியபடியே எழுதுகிறேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

செவ்வாய், காலை 9.40: "ஸ்கேன் எடுத்தாச்சு. குடல்ல ஓட்டையாம். சீழ் பரவிடுச்சுங்கறாங்க. கெளம்ப முடியுமா பாரு."

செவ்வாய், மத்தியானம் 2.15: "அம்மா உன்னைத்தான் கேக்கறா. கெளம்பிட்டா, வந்துட்டே இருக்கான்னு சொல்லிட்டேன். என்னைப் பொய் சொல்ல வெக்காதே."

செவ்வாய், சாயங்காலம் 6.05: "உங்க அத்தான் வெளியூர்ல மாட்டிக்கிட்டார். நான் தனியா இருக்கேன். பயமா இருக்குடி."

புதன், காலை 7.30: "ஆபரேஷன் பண்ணினா பொழைக்க பாதிக்குப் பாதிங்கறார் டாக்டர். பண்ணலைன்னா நாலஞ்சு நாள். கையெழுத்துக் கேக்கறாங்க. போடட்டுமா?"

புதன், காலை 7.50: "பதில் சொல்லுடி. ஒரே ஒரு வார்த்தை. போடட்டுமா, வேண்டாமா?"

எட்டு மணிக்குப் போட்டேன். பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டாள்.

நாலைந்து நாள் என்றார்கள். நீ வெள்ளிக்கிழமை வந்தாய். நான் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் நீ அம்மாவை உயிரோடு பார்த்திருப்பாய். வாசலில் பெட்டியோடு உன்னைப் பார்த்ததும் முதலில் தோன்றியது அதுதான். அதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் உன் மேல் பாய்ந்தேன். உன் பதில் வரவில்லை என்ற கோபம் மட்டும் இல்லை அது. என்ன பதில் சொல்லியிருப்பாய் என்ற பயம். இன்றைக்கும் அந்தப் பயம்தான்.

உன்னை நினைத்தாளா என்று கேட்டிருந்தாய். வந்துகொண்டிருக்கிறாய் என்று சொன்னதும், "வெறும் வயித்தோட வருவா, ஏதாவது பண்ணி வை" என்றாள். உள்ளே கொண்டுபோகும்போதும், நீ எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டாள். பாதி வழி வந்துட்டா என்றேன். தலையாட்டினாள்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 10

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. சலவைக்கடை வாசலிலேயே நின்று படித்தேன். கடைக்காரர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, தண்ணீரும் கொடுத்தார். ஊரே பார்க்க அழுதேன், வெட்கமாக இல்லை. உன் மேல் எனக்குக் கோபம் வருகிறதா என்று உள்ளே துழாவிப் பார்த்தேன். கொஞ்சம் இருக்கிறது. நேரில் வந்து சண்டை போட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், இந்தக் கடிதம் பின்னால்தான் வந்து சேரும். வந்தால் என்ன, என் கையாலேயே வாங்கி உன்னிடம் கொடுக்கிறேன். இதை எழுதாமல் மட்டும் கிளம்ப முடியவில்லை.

எனக்கு ஐந்து மெசேஜ் வந்திருக்கின்றன. பதில் போடுகிறேன்.

செவ்வாய், காலை 9.40க்கு: "இப்பவே கெளம்பறேன்க்கா. ஆபீஸ் கெடக்குது."

செவ்வாய், மத்தியானம் 2.15க்கு: "நீ சொன்னது பொய்யில்லை. வந்துட்டே இருக்கேன்னு அம்மாகிட்ட மறுபடியும் சொல்லு."

செவ்வாய், சாயங்காலம் 6.05க்கு: "எனக்கும் பயமா இருக்கு. மேல வா, வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிடு. நீ அழு, நான் கேக்கறேன். யாரும் பாக்க மாட்டாங்க."

புதன், காலை 7.30க்கு: "பாதிக்குப் பாதின்னா அது நம்ம அம்மாவுக்குப் பெரிய வாய்ப்புக்கா. நான் வந்து முகம் பாக்கணும்னு அவ நாலு நாள் அந்த வலியில கெடக்க வேண்டாம். என்னைப் பத்தி யோசிக்காதே. என்ன ஆனாலும் உன்னை ஏன்னு கேக்க மாட்டேன்."

புதன், காலை 7.50க்கு: "போடு. என் பேரையும் சேர்த்துப் போடு."